அரைத்த கூலி யார் கணக்கில்?

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், இது கொஞ்சம் நீளும்.

சுரங்கக் கழிவிலிருந்து யுரேனியம் எடுக்கப்போகிறார்கள் என்று எங்காவது செய்தி வந்தால், படித்தவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். “குப்பையிலேயே இவ்வளவு கிடக்கும்போது ஏன் இத்தனை காலம் சும்மா இருந்தார்கள்?” என்பது ஒன்று. “நல்லதாகப் போயிற்று, கழிவும் சுத்தமாகிவிடும்” என்பது இன்னொன்று. முதலாவது நல்ல கேள்வி. இரண்டாவது வெறும் ஆசை. இரண்டுக்கும் பதில் ஒரே கணக்கில்தான் ஒளிந்திருக்கிறது.

யுரேனியம் ஏதோ அபூர்வப் பொருள் என்றொரு எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. உண்மையில் பூமியின் மேலோட்டில் வெள்ளியைவிட அதுதான் பல மடங்கு அதிகம். சராசரியாக ஒரு டன் பாறையில் 2.7 கிராம் இருக்கிறது. கருங்கல் என்றால் 4 கிராம்வரை. கடல்நீரில்கூட டன்னுக்கு 3 மில்லிகிராம் கரைந்து கிடக்கிறது. கனடாவின் சிகார் லேக் சுரங்கத்தில் ஒரு டன் தாதுவில் நூறு கிலோவுக்கு மேல் கிடைக்கும். உலகத்தின் உச்சம் அது. ஜார்க்கண்டின் ஜாதுகூடாவில், இந்தியாவின் முதல் யுரேனியச் சுரங்கத்தில், டன்னுக்குச் சுமார் அரைக் கிலோ. அதே வட்டாரத்தில் திறந்தவெளியில் வெட்டும் பந்துஹுராங்கில் அதற்கும் குறைவு. கனடாக்காரர் இதைத் தாது என்று ஒப்புக்கொள்வாரா என்பதே சந்தேகம்.

அரைக் கிலோ போதாதா? தாராளமாகப் போதும். கல்பாக்கத்தில் உள்ளதுபோன்ற 220 மெகாவாட் கனநீர் உலையில் ஒரு கிராம் இயற்கை யுரேனியத்திலிருந்து ஏறக்குறைய 45 யூனிட் மின்சாரம் கிடைக்கிறது. ஜாதுகூடாவின் ஒரு டன் கல்லில் 400 கிராம் கைக்கு வந்தால் 18,000 யூனிட். அனல் மின்நிலையத்தில் அதே மின்சாரத்துக்கு நம் நாட்டு நிலக்கரி பன்னிரண்டு டன் எரிக்க வேண்டும். கல்லை உடைத்து மாவாக அரைக்க டன்னுக்கு இருபது முப்பது யூனிட் செலவானால் அதிகம். இன்னும் ஒரு படி கீழே இறங்கிப் பாருங்கள். உங்கள் வீட்டு வாசற்படிக் கருங்கல்லில் டன்னுக்கு 4 கிராம் என்றால் அதுவே 180 யூனிட். அரைத்த செலவு போகவும் லாபம் நிற்கிறதே! ஏன் யாரும் கருங்கல் மலையை யுரேனியத்துக்காக வெட்டுவதில்லை?

அமிலம்தான் காரணம். யுரேனியத்தை மட்டும் தேடிப்போய்க் கரைக்கிற திரவம் எதுவும் கிடையாது. அரைத்த மாவில் கந்தக அமிலத்தை ஊற்றினால் அது வழியில் அகப்படும் இரும்பு, மக்னீசியம், சுண்ணாம்பு எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டுதான் யுரேனியத்திடம் போய்ச் சேரும். ஒரு டன்னுக்குப் பல கிலோ அமிலம், கல்லில் சுண்ணாம்பு கலந்திருந்தால் பல பத்துக் கிலோ. பிறகு அந்த அமிலச் சேற்றைச் சுண்ணாம்பு போட்டு முறிக்க வேண்டும், தண்ணீர் பிரிக்க வேண்டும், மிச்சமான சேற்றை அணை கட்டித் தேக்க வேண்டும். இத்தனையும் நான்கு கிராமுக்கு. வெடிவைப்பது, தூக்குவது, உடைப்பது, அரைப்பது, அமிலம், கழிவுக்குட்டை என்று செலவெல்லாம் டன் கணக்கில் ஏறுகிறது. வரவு மட்டும் கிராம் கணக்கில். இந்தத் தொழிலின் தலைவலி முழுவதும் இந்த இரண்டு வரிகளில் அடங்கிவிடும்.

ஆகவே தரம் குறைந்த தாது என்று வரும்போது, அதில் எத்தனை கிராம் இருக்கிறது என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பாறையைத் தோண்டி அரைத்த கூலியை ஏற்கெனவே வேறு யாராவது கொடுத்துவிட்டார்களா? கொடுத்திருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். செக்கில் எண்ணெய் எடுத்த பிறகு புண்ணாக்கில் மிச்சமிருக்கும் எண்ணெயைக் கரைப்பான் ஊற்றி எடுக்கிற ஆலைகள் இருக்கின்றன அல்லவா? கடலையை விதைத்து, பறித்து, உடைத்து, ஆட்டிய செலவு அவர்கள் தலையில் விழுவதில்லை. அதனால்தான் அந்தச் சொற்ப எண்ணெயிலும் பிழைப்பு ஓடுகிறது.

இந்தியாவில் இதை நேரடியாகவே செய்து பார்த்தோம். ஜார்க்கண்டின் சிங்பூம் வட்டாரத்தில் செம்பும் யுரேனியமும் ஒரே பாறைப் பட்டையில் அக்கம்பக்கமாக இருக்கின்றன. கட்ஷிலா அருகே மோசாபனி, சுர்தா, ராகா ஆகிய இடங்களில் செம்புக்காகச் சுரங்கம் வெட்டினார்கள். கல்லை அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுச் செம்புத் தாதுவைப் பிரித்த பிறகு வெளியே போன சேற்றில் டன்னுக்கு நூறு கிராம் அளவில் யுரேனியத் தாது இருந்தது. தனியாக அதற்காகச் சுரங்கம் வெட்டினால் கட்டுப்படியாகாது. ஆனால் அரைத்த கூலி செம்பின் கணக்கில் போய்விட்டது. எனவே 1970களிலும் 80களிலும் இந்திய யுரேனியம் கழகம் அந்த மூன்று இடங்களிலும் செம்பு ஆலைகளை ஒட்டியே தன் பிரிப்பு நிலையங்களைப் போட்டது.

அங்கே நடந்தது பெரிய ரசாயனம் ஒன்றும் இல்லை. லேசாகச் சாய்ந்த, வரிவரியாகக் கோடு போட்ட மேசைகள். மேலே சேற்றுநீர் ஓடும், மேசை பக்கவாட்டில் வெடுக் வெடுக்கென்று ஆடிக்கொண்டே இருக்கும். யுரேனியத் தாது சாதாரண மணலைப்போல மூன்று மடங்கு கனம். கனமானது கோடுகளில் தங்கி ஒரு மூலைக்கு நகரும், லேசான மணல் தண்ணீரோடு கீழே போய்விடும். அப்படிச் சேர்த்த அடர்மணலை லாரியில் ஏற்றி ஜாதுகூடா ஆலைக்கு அனுப்பினார்கள். குறை ஒன்று இருந்தது. செம்புக்காக அரைத்தபோது யுரேனியத் துகள்களும் மாவாகப் பொடிந்துவிட்டன. அவ்வளவு நுண்ணிய துகளுக்குக் கனம் இருந்தும் பயனில்லை, தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். அரைத்தவர் தன் தேவைக்கு அரைத்தார், நம் தேவைக்கு அல்ல. ஓசியில் கிடைக்கும் அரைவைக்கு இந்த விலை உண்டு. இன்னொரு விலை அதைவிடப் பெரிது: 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செம்பு விலை வீழ்ந்து அந்தச் சுரங்கங்கள் மூடியபோது யுரேனிய மேசைகளும் நின்றன. அடுத்தவர் அடுப்பில் சமைப்பவர் அவர் அடுப்பை அணைக்கும்போது எழுந்துவிடத்தான் வேண்டும்.

டன்னுக்கு நூறு கிராமுக்காக இவ்வளவு மெனக்கெட்டதற்கு அரசியல் காரணமும் இருந்தது. 1974-இல் பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடத்திய பிறகு நமக்கு யுரேனியம் விற்கும் கதவுகள் மூடிக்கொண்டன. நம் கனநீர் உலைகளுக்கு உள்நாட்டுப் பாறையே கதி. 2008-இல் அணுப்பொருள் வழங்கும் நாடுகள் விலக்கு அளிக்கும்வரை அதுதான் நிலைமை. அதற்குச் சற்று முன்பு எரிபொருள் போதாமல் நம் உலைகள் பாதித் திறனில் ஓடின. சந்தை விலையை மட்டும் பார்த்தால் ஜாதுகூடாவையே திறந்திருக்க மாட்டார்கள். ஆந்திராவின் கடப்பைப் பக்கம் தும்மலப்பள்ளியில் இருக்கும் தாதுவைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். அது சுண்ணாம்பு வகைப் பாறை. அமிலம் ஊற்றினால் பாறையே அமிலத்தைக் குடித்துத் தீர்த்துவிடும். அதனால் சோடா உப்புக் கரைசலில் சூடும் அழுத்தமும் கொடுத்துக் கரைக்கிறார்கள்.

சரி, கரைப்பது என்றேனே, அதை இன்னும் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

யுரேனியத்துக்கு இரண்டு குணம். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அது கறுப்புக் கல். நீரில் கரையாது, லேசான அமிலத்துக்கும் எளிதில் மசியாது. ஆக்சிஜனேற்றம் பெற்றுவிட்டால் அதே யுரேனியம் நீரில் ஓடிவிடும். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கப் படுகையில் இதற்குச் சாட்சி கிடக்கிறது. ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆறுகள் மலையை அரித்து, தங்கத் துகளையும் யுரேனியத் தாதுவின் உருண்டைகளையும் கூழாங்கற்களோடு சேர்த்து உருட்டிக் கொண்டுவந்து போட்டன. இன்றைய ஆற்றில் யுரேனியத் தாது பொதுவாக அப்படி உருண்டு போகாது, வழியிலேயே கரைந்துவிடும். அன்று கரையவில்லை என்றால் அன்றைய காற்றில் ஆக்சிஜன் இல்லை என்று பொருள். பூமிக்கு மூச்சுக்காற்று எப்போது வந்தது என்று தேடிய புவியியலாளர்கள் இந்தக் கறுப்பு உருண்டைகளை வெகுகாலம் சாட்சிக்கூண்டில் ஏற்றி விசாரித்தார்கள்.

ஆலையில் செய்வதும் இதுவே. 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு காற்று செய்யத் தொடங்கிய வேலையைச் சில மணி நேரத்தில் முடிக்கிறார்கள். ஜாதுகூடாவில் அரைத்த கல்மாவை உயரமான தொட்டிகளில் நிரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதிக் கலக்கி, கந்தக அமிலமும் மாங்கனீசுத் தாதுப் பொடியும் சேர்த்தார்கள். மாங்கனீசு யுரேனியத்தை நேரடியாகத் தொடுவதில்லை. கரைசலில் இருக்கும் இரும்பை அது ஆக்சிஜனேற்றுகிறது. அந்த இரும்பு யுரேனியத்திடம் போய்த் தன் ஆக்சிஜனேற்றும் திறனைச் செலவழித்துவிட்டுத் திரும்பி வருகிறது. மாங்கனீசு மறுபடி அதற்குத் தெம்பேற்றி அனுப்புகிறது. கரைந்த யுரேனியத்தை ரெசின் மணிகள் பிடித்துக்கொள்ளும். மணிகளைக் கழுவி, கழுவிய நீரிலிருந்து படியவைத்தால் மஞ்சள் பொடி. அது ஹைதராபாத்துக்குப் போய் எரிபொருளாகிறது. நான்காயிரம் கிலோ கல்லில் இரண்டு கிலோ இருந்ததைக் கரைசலில் தேடிப் பொறுக்குகிற அந்த ரெசின் மணிகள் இல்லாவிட்டால் தரம் குறைந்த தாது என்ற பேச்சுக்கே இடமில்லை.

தென்னாப்பிரிக்காவில் தங்கம்தான் அரைவைக் கூலியைக் கொடுத்தது. அங்கே 1952-இல் முதல் யுரேனிய ஆலை திறந்தது. தங்கம் எடுத்த சேற்றில் டன்னுக்குச் சில நூறு கிராம் யுரேனியம் இருந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் அணுகுண்டுக்காக வாங்கக் காத்திருந்தன. 1970களின் இறுதியில் இன்னொரு படி போனார்கள். ஜோகன்னஸ்பர்குக்குக் கிழக்கே பல பத்தாண்டுகளாகக் குவிந்து கிடந்த பழைய சேற்று மேடுகளை அழுத்த நீர் பாய்ச்சிக் கரைத்து, குழாயில் தள்ளி, மறுபடி தங்கமும் யுரேனியமும் கந்தக அமிலமும் எடுத்தார்கள். கல் வெடிக்க வேண்டியதில்லை, அரைக்க வேண்டியதில்லை, அமிலத்தைக்கூட அந்தச் சேற்றிலிருந்த கந்தகக் கனிமமே கொடுத்தது. ஜோகன்னஸ்பர்கில் இப்படியொரு கழிவு மேட்டின் உச்சியில் கார்களை நிறுத்திப் படம் பார்க்கிற திறந்தவெளித் திரையரங்கு இருந்தது. கடைசியில் மிச்சத் தங்கத்துக்காக அந்த மேட்டையே கரைத்துவிட்டார்கள்.

கந்தகக் கனிமம் என்று சொன்னேன், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட். பார்க்கத் தங்கம்போல் மினுக்கி ஏமாற்றும். அதற்கும் தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையில் ஒரு கண்ணுக்குத் தெரியாத கூட்டாளி இருக்கிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து ஏன் அமிலநீர் வடிகிறது என்று தேடிய ஆர்தர் கோல்மரும் எம். ஈ. ஹிங்கிளும் 1947-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். இரும்பை ஆக்சிஜனேற்றி அதில் கிடைக்கும் சொற்ப ஆற்றலில் வாழும் பாக்டீரியா. அமிலக் கரைசல் அதற்குச் சொந்த ஊர். ஜாதுகூடாத் தொட்டியில் மாங்கனீசு செய்த வேலையை இது சம்பளமில்லாமல் செய்யும். பைரைட்டைத் தின்று அமிலமும் தயாரிக்கும், இரும்புக்கும் தெம்பேற்றும்.

கனடாவின் எலியட் லேக் சுரங்கங்களில் கல் எடுத்து முடிந்த அறைகளிலிருந்து ஊறி வந்த நீரிலேயே யுரேனியம் கரைந்திருந்தது. 1960களில் ஸ்டான்ராக் சுரங்கத்தில் கல் வெட்டுவதை நிறுத்திவிட்டு, சுவர்களைத் தண்ணீரால் கழுவி, சில மாதம் பாக்டீரியாவிடம் விட்டுவிட்டு, மறுபடி கழுவி யுரேனியம் எடுத்தார்கள். தோண்டும் கூலியும் இல்லை, அரைக்கும் கூலியும் இல்லை. நேரம் மட்டும்தான் செலவு. தொட்டியில் சில மணி நேரத்தில் முடிவது இங்கே மாதங்கள், ஆண்டுகள் ஆகும். கடனுக்கு வட்டி கட்டும் கம்பெனிக்கு நேரமும் காசுதான், ஆகவே இது எல்லோருக்கும் பொருந்தவில்லை.

பாக்டீரியாவை வைத்துக் கரைக்கும் இந்த முறைக்கு இன்றைக்கு உயிரோடு இருக்கும் பெரிய உதாரணம் பின்லாந்தின் சோட்காமோ. முதலில் தல்விவாரா என்ற பெயரில் 2008-இல் உற்பத்தியைத் தொடங்கிய நிக்கல், துத்தநாகச் சுரங்கம். கறுப்புக் களிக்கல் தாதுவை உடைத்து, மேடு மேடாகக் குவித்து, மேலே கரைசலைச் சொட்டவிட்டு, அடியிலிருந்து காற்று ஊதுகிறார்கள். அங்கே குளிர்காலம் உறைநிலைக்கு வெகு கீழே போகும். ஆனாலும் பைரைட் ஆக்சிஜனேற்றத்தில் வரும் வெப்பத்தால் மேட்டின் உள்ளே நல்ல சூடாக இருக்கும். அந்தத் தாதுவில் யுரேனியம் டன்னுக்கு வெறும் 15 முதல் 17 கிராம். ஜாதுகூடாவில் இருப்பதில் முப்பதில் ஒரு பங்கு! தனித்து யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் நிக்கலுக்காக ஓடும் கரைசலில் அதுவும் சேர்ந்தே கரைந்துவிடுகிறது. அதை எடுக்காமல் விட்டால் ஒரு பகுதி நிக்கல் சரக்கோடு சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும், மறுபகுதி ஜிப்சக் கழிவுக்குட்டையில் போய்ப் படியும். யுரேனியத்தை எடுப்பதற்குக் காசு ஒரு காரணம் என்றால், விட்டுவைத்தால் வரும் தொல்லை இன்னொரு காரணம்.

அந்தத் தொல்லை வெறும் ஊகமாக இருக்கவில்லை. 2012 நவம்பரில் ஜிப்சக் குட்டை கசிந்து உலோகக் கழிவுநீர் சுற்றியுள்ள நீர்நிலைகளுக்குள் போனது. 2014-இல் கம்பெனி திவாலானது. மறு ஆண்டு அரசுக்குச் சொந்தமான டெரஃபேம் நிறுவனம் அதை எடுத்து நடத்தத் தொடங்கியது. யுரேனியம் எடுக்கும் அனுமதி நீதிமன்றப் படிகள் ஏறி இறங்கி, 2024-இல்தான் அந்த ஆலை ஓடத் தொடங்கியது. பாக்டீரியாவுக்கு நாம் போட்ட மேடு எது, அதுவாகக் கிடந்த கழிவு எது என்று தெரியாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஜோகன்னஸ்பர்குக்கு மேற்கே க்ரூகர்ஸ்டார்ப் அருகே கைவிட்ட தங்கச் சுரங்கங்களில் நீர் நிரம்பி, 2002-இல் வழிந்து தரைக்கு மேல் வந்தது. பைரைட், காற்று, அதே கூட்டாளி. அந்த அமிலநீரிலும் யுரேனியம் கரைந்திருந்தது, ஆனால் பிடிக்க ரெசின் மணிகள் இல்லை. ஆற்றுக்குப் போயிற்று.

இப்போது இரண்டாவது பேச்சுக்கு வருவோம், யுரேனியத்தை எடுத்தால் கழிவு சுத்தமாகும் என்பதற்கு. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள்.

யுரேனியம் பாறைக்குள் தனியாக இருப்பதில்லை. அது சிதைந்து தோரியம்-230 ஆகிறது, அது ரேடியம் ஆகிறது, ரேடியம் ரேடான் என்ற வாயுவாகிறது, இப்படிக் காரீயம்வரை ஒரு பரம்பரை. கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒரே கல்லுக்குள் இருந்ததால் தாயும் பிள்ளைகளும் பேரர்களும் ஆளுக்குச் சமமாகக் கதிர் வீசிக்கொண்டிருக்கிறார்கள். ஆலை தாயை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறது. மற்றவர்கள் எல்லாம் சேற்றில்தான். கல்லோடு உள்ளே போன கதிரியக்கத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் கழிவுக்குட்டைக்கே போகிறது. ரேடியத்தின் அரைவாழ்வு 1,600 ஆண்டு, சரி, சில ஆயிரம் ஆண்டில் அடங்கிவிடும் என்று நினைக்கலாம். ஆனால் புதிய ரேடியத்தை ஊட்டிக்கொண்டே இருக்கும் தோரியம்-230-இன் அரைவாழ்வு 75,000 ஆண்டு.

இதை முதலில் தெரிந்துகொண்டு பயன்படுத்தியவர் மேரி கியூரி. பொஹீமியாவின் யோவாக்கிம்ஸ்தாலில் கண்ணாடிக்கு நிறமேற்றுவதற்காகத் தாதுவிலிருந்து யுரேனியத்தை எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பைன் காட்டில் கொட்டி வைத்திருந்தார்கள். கியூரி தம்பதி அந்தக் குப்பையைத்தான் கேட்டு வாங்கினார்கள். ஊசியிலைகள் கலந்த பழுப்புப் பொடி மூட்டை மூட்டையாகப் பாரிஸுக்கு வந்தது. யுரேனியம் போன பிறகும் அந்தப் பொடி யுரேனியத்தைவிடக் கடுமையாகக் கதிர் வீசியது. பல டன்னைக் காய்ச்சி வடித்து 1902-இல் கிடைத்தது பத்தில் ஒரு கிராம் ரேடிய உப்பு.

ஆகவே பழைய சேற்றில் மிச்சமிருக்கும் கொஞ்ச யுரேனியத்தை மறுபடி கரைத்து எடுத்தால் குட்டையின் கதிரியக்கம் குறைவது மிகச் சொற்பம். எடையும் குறையாது, ஒரு டன் சேறு போனால் ஒரு டன் சேறு திரும்பும். மறுசுத்திகரிப்பில் உண்மையான நன்மை கிடைப்பது வேறு இடத்தில். பைரைட்டைப் பிரித்துவிட்டால் சேறு இனி அமிலம் சுரக்காது. ஊருக்கு நடுவே அடித்தளமில்லாமல் கொட்டிய மேட்டைக் கரைத்து, ஊருக்கு வெளியே நல்ல அடித்தளம் போட்ட குட்டைக்கு மாற்றலாம். ஜாதுகூடாவில் சேற்றின் பருமணலைத் திரும்பச் சுரங்கத்துக்குள் அனுப்பி, கல் எடுத்த வெற்றிடங்களை அடைக்கிறார்கள். நல்ல வழி. ஆனால் மாவுபோன்ற நுண்சேறு மேலே குட்டையில்தான் தங்கும். 2006 டிசம்பரில் அங்கே கழிவுக்குழாய் உடைந்து சேறு ஓடையில் கலந்தது. 1979 ஜூலையில் அமெரிக்காவின் சர்ச் ராக்கில் குட்டையின் கரை உடைந்து, ஒரே காலையில் 35 கோடி லிட்டர் அமிலநீர் நவாஹோ மக்களின் ஆட்டுமந்தைகள் குடிக்கும் ஆற்றில் இறங்கியது. இந்தத் தொழிலில் பெரிய கெடுதல்கள் பெரும்பாலும் யுரேனியம் போன பிறகு மிஞ்சிய பொருளால்தான் வந்திருக்கின்றன. ஜாதுகூடாவைச் சுற்றியுள்ள ஆதிவாசி ஊர்களின் குறையும் அந்தக் குட்டைகளைப் பற்றியதே. அணு உலையைப் பற்றிச் சண்டை போடும் நாம் இந்தக் குட்டைகளைப் பற்றிப் பேசுவது ரொம்பக் குறைவு என்பது என் ஆதங்கம்.

உரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாஸ்பேட் பாறையில் டன்னுக்கு 50 முதல் 200 கிராம் யுரேனியம் இருக்கிறது. உர ஆலை அதைக் கந்தக அமிலத்தில் கரைக்கும்போது யுரேனியத்தின் பெரும்பகுதி பாஸ்பாரிக் அமிலத்துக்கும், ரேடியம் ஜிப்சத்துக்கும் போகிறது. அரைத்ததும் கரைத்ததும் உரத்தின் செலவில். அமெரிக்காவின் புளோரிடாவில் 1970களின் கடைசியில் இந்த அமிலத்திலிருந்து யுரேனியத்தைப் பிரிக்கும் ஆலைகள் வரிசையாக முளைத்தன. விலை சரிந்ததும் ஒவ்வொன்றாக மூடின, 1990களின் முடிவில் கடைசி ஆலையும் நின்றது. அந்த யுரேனியம் இப்போது உரத்தோடு சேர்ந்து வயலுக்குப் போகிறது. யுரேனிய விலை 2007-இல் பவுண்டுக்கு 135 டாலரைத் தாண்டியது, 2016-இல் 20-க்கும் கீழே விழுந்தது, 2024 தொடக்கத்தில் நூறைத் தாண்டியது. எந்தக் குப்பை எப்போது தாதுவாகும், எப்போது மறுபடி குப்பையாகும் என்பதை இந்த ஏற்றஇறக்கம்தான் தீர்மானிக்கிறது.

ஒரு அரைவை மட்டும் எந்தக் கம்பெனியின் கணக்கிலும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணல். மலைப்பாறையை மழையும் ஆறும் உடைத்தன, அலை அதைக் குலுக்கு மேசைபோல் அலசிக் கனமான மணிகளைக் கரையில் ஒதுக்கியது. அதில் இல்மனைட், ஜிர்கான் போன்றவற்றோடு மோனசைட்டும் கலந்திருக்கிறது. மோனசைட்டைத் தனியே பிரித்தெடுத்தால் அதில் யுரேனியம் 0.3 சதவீதத்துக்கு மேல். ஜாதுகூடாக் கல்லில் இருப்பதைப்போல ஐந்தாறு மடங்கு! தோரியம் இன்னும் அதிகம், எட்டு ஒன்பது சதவீதம். அந்த மணலைக் கொல்லம் பக்கத்துச் சவரா மணலோடு சேர்த்து ஆலுவா அருகே அரசின் அருமண் ஆலை 1950களிலிருந்து பதப்படுத்தியது. அவர்களுக்கு வேண்டியது அருமண் உலோகங்கள். மிஞ்சிய தோரியக் கூழை, உள்ளே கொஞ்சம் யுரேனியம் இருக்கிறது என்று தெரிந்தே, பல பத்தாண்டுகள் சேமிப்புக் கிடங்குகளில் அடைத்து வைத்தார்கள்.

கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இந்த இலவச அரைவை இலவசமாகத் தெரியவில்லை. கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு மீனவ ஊர்கள் எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டிருக்கின்றன. கரை அரிப்பும் கதிரியக்கமும் அவர்கள் கணக்கு. டன்னுக்கு எத்தனை கிராம் என்கிற கணக்கில் அதற்கு ஒரு வரி இல்லை.

ஆலுவாவில் பிற்பாடு அந்தக் கிடங்குகளைத் திறந்தார்கள். தோரியக் கூழை மறுபடி கரைத்து, யுரேனியத்தைப் பிரித்து எரிபொருள் தயாரிக்க அனுப்பினார்கள். சுரங்கம் இல்லை, அரைவை இல்லை, ஒரு தலைமுறை முன்பே செலவெழுதி முடித்த சரக்கு. மிஞ்சிய தோரியத்தைத் தூக்கி எறியவில்லை. வேறொரு உப்பாக மாற்றி, புதிய கிடங்கில் மறுபடி அடுக்கிவிட்டார்கள். அதை எரிக்கிற உலை இந்தியாவில் இன்னும் வரவில்லை.